காலி என்று எழுதப்பட்ட ஏழாம் லயம்

கொஸ்லந்த,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இருக்கிறோம், அங்கே சைப்ரஸில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் கிழவியம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அந்தம்மாவைத் தூக்கும்போது இடுப்பைக் கவனித்துக்கொள், உன் குரலில் வலி தெரிகிறது. நம் தேயிலைத் தோட்டத்தில் பட்டாளத்துக்காரர்கள் நடத்திய மண்சரிவு ஒத்திகையைப் படத்தில் பார்த்து, நம் சனத்துக்கும் நல்லது செய்ய ஆள் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாயாம். போனில் சொல்லத் தொடங்கினால் கோபத்தில் எனக்குப் பேச்சே வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ட்ரெச்சரில் நெற்றி நிறைய ரத்தத்தோடு கிடக்கிறானே, அது ஆபீஸ் கிளாக்கர் மகன் துஷாந்த். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் வாலிபால் ஆடினவன். நெற்றியில் இருப்பது தக்காளி சோஸ். தொடை எலும்பு முறிந்து மூன்று மாதமாக எழும்ப முடியாமல் கிடக்கும் உன் அப்பா அதே நேரம் மேலே, பன்னிரண்டு குடும்பம் வரிசையாக ஒட்டிக் குடியிருக்கும் நம் ஏழாம் லயத்தில், நம் ஒற்றை அறைக் காம்பராவில் கிடந்தார், அந்தப் படத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒத்திகை, விசில் ஊதினால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும் என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் சொன்னார்கள். நடப்பது நமக்குத்தான். தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவுக்கு இரண்டு வேன், துரையின் நாய்க்கும் லிஸ்டில் ஒரு நம்பர். பங்களா இருப்பது எதிர்க் குன்றில், மண் இறங்கினால் முதலில் போவது நம் லயம், இது அந்த நாய்க்கே தெரியும். நான் ஆபீசுக்குப் போய், எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று கேட்டேன். கிளாக்கர் தலையை நிமிர்த்தாமலே, "நோயாளியா நடிக்க ஆள் போட்டாச்சு யோகம்மா, நெசமான நோயாளியத் தூக்கி ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, அவர விட்டுட்டு நீங்க வந்து நில்லுங்க போதும்" என்றார். மலையும் ஒத்திகைக்குத்தான் வருமா ஐயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தூறிக்கொண்டிருந்தது. விசில் ஊதியதும் லயத்துச் சனம் சாப்பாட்டுப் பார்சல் கிடைக்கும் என்று இறங்கிப் போனது, நான் போகவில்லை. பட்டாளத்துக்காரர் முப்பது பேர் மேலே வந்தார்கள். கதவு கதவாகச் சோக்கட்டியால் காலி என்று எழுதிக்கொண்டே போனார்கள். வாசலில் செருப்பு கிடக்கிறது, கொடியில் பிள்ளைகளின் யூனிபோர்ம் காய்கிறது, பக்கத்துக் காம்பராவில் அடுப்புப் புகை கூட அடங்கவில்லை, அந்தக் கதவிலும் காலி! இதில் எவன் கண் தெரியாதவன் சொல்லு. ஒருவன்தான் கதவைத் தள்ளிப் பார்த்தான். ரஜீவ் என்று சட்டையில் பேர், வெலிமடைச் சிங்களப் பையன், தன் அப்பாவின் மரக்கறி லொறியில் சுற்றிப் பழகிய தமிழ். "ஏன் அம்மா இங்க இருக்கீங்க? இந்த லயத்துல ஆள் இல்ல சொன்னாங்க, எல்லாம் புது வீட்டுக்குப் போயாச்சு, இன்னைக்கு நடிக்க மட்டும்தான் வாறது சொன்னாங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்சுவர் வெடிப்பில் என் கையை முழங்கை வரைக்கும் விட்டுக் காட்டினேன். கீழே புது வீட்டுக்கு நட்ட நாலு கல்லையும், அதைச் சுற்றி மேயும் மாட்டையும் காட்டினேன். அவன் சட்டைப்பையிலிருந்து லிஸ்டை எடுத்து மறுபடி பார்த்தான். நானும் வாங்கிப் படித்தேன், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வேலையில் சிங்களம் படித்தது உதவியது. நம் லயத்தில் குடியிருக்கக் கூடாது என்று போன வருஷமே உத்தரவு வந்திருக்கிறது, பன்னிரண்டு குடும்பத்தையும் வேறிடத்துக்கு எழுப்பியாச்சு என்று ஆபீசிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடியில் துரை கையெழுத்து.

அவன் கீழே ஓடினான். கொஞ்ச நேரத்தில் இன்னும் மூன்று பேரோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தான், துஷாந்த் சோஸ் வழியும் நெற்றியோடு பின்னாலேயே பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நடந்து வந்தான். அப்பாவைத் தூக்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். "கொஞ்சம்தான் அப்பா, கொஞ்சம்தான்" என்று ரஜீவ் சொல்லிக்கொண்டே அத்தனை படியும் இறக்கினான். பள்ளிக்கூடத்தில் பெரிய அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. உன் அப்பாவை இறக்கிப் பிள்ளைகள் உட்காரும் வாங்குப் பலகையில் போடச் சொல்லி, துஷாந்தை மறுபடி படுக்கவைத்து, நெற்றிக்குப் புதுசாகச் சோஸ் தடவிப் படம் பிடித்தார்கள். நீ பார்த்தது அதைத்தான். பன்னிரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சர் லொறியில் ஏறியது. சேர், இவரை யார் மேலே கொண்டுபோறது என்று ரஜீவ் கேட்டதற்கு, உன்னை யார் கொண்டுவரச் சொன்னது என்று அதிகாரி எரிந்து விழுந்தார். கிளாக்கர், ஒத்திகை முடிஞ்சது எல்லாரும் வீட்டுக்குப் போங்க என்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். நாங்கள் அங்கே இல்லை என்று துரையே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இல்லாத ஆள் எப்படி ஐயா திரும்பிப் போறது என்று என் கையிலேயே இருந்த லிஸ்டை விரித்து எல்லாரும் கேட்க வாசித்தேன். ரஜீவ் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. ஏழாம் லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் அப்படியே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டோம், பத்தொன்பது நாளாகிறது. துரை முதலில் மிரட்டிப் பார்த்தார், பிறகு தார்ப்பாய் அனுப்பினார், இப்போது காணியளக்க ஆள் வருகிறது என்கிறார். வந்தால் பார்ப்போம். பள்ளி விடுமுறை முடிய ஒரு கிழமைதான் இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பைக் காட்டி எங்களை எழுப்பப் பார்ப்பார்கள். லயத்துக்கு மட்டும் திரும்ப மாட்டோம்.

பட்டாளத்துக்காரர்களுக்கு உண்மை தெரியாது, பாவம் என்று நீ சொல்வாய், உனக்கு இளகின மனசு. தெரிந்துகொள்ள ஒரு கதவைத் தள்ளினால் போதும், முப்பது பேரில் ஒருவன் தள்ளினான். அவனை இப்போது முகாம் குசினியில் வெங்காயம் உரிக்கப் போட்டிருக்கிறார்களாம். இன்று லீவில் ஒரு பை லீக்ஸும் கரட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காரக் கூட இல்லை. அடுத்த ஒத்திகை பசறைப் பக்கத்துத் தோட்டமாம், அந்த லிஸ்டிலும் இரண்டு லயம் காலி என்று இருக்கிறதாம். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நாளைக்கு முதல் பஸ்ஸில் பசறைக்குப் போகிறேன், நான் வரும்வரை பக்கத்துக் காம்பரா இராக்கம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்வாள்.

கவலைப்படாதே. உனக்கு ஒரு குறையும் வராது, மாரியம்மன் துணை. விசா புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடாதே.

உன் அம்மா
யோகம்மா,
தோட்டப் பள்ளிக்கூடம், இரண்டாம் வகுப்பு அறை.