பின் சீட்டு அதிகாரம்

என் பின் சீட்டு அதிகாரிக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

செவ்வாயன்று கொட்டும் மழையில் பைக்கில் பார்சல் கொண்டு போனேன். முன்னால் போன வேன் சட்டென்று நின்றுவிட்டது. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தியிருந்தால் டயர் வழுக்கியிருக்கும். "பிரேக்க மெதுவா புடிங்க" என்று நீ பின் சீட்டிலிருந்து என் சட்டையை இழுப்பது போலிருந்தது. இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். வேனைத் தொட ஒரு முழம் இருக்கையில் வண்டி சமர்த்தாக நின்றது. பயப்படாதே, ஒரு கீறல்கூட இல்லை.

பின்னால் வந்த கூட்டாளி, எப்படி நிறுத்தினாய் என்று கேட்டான். என் வீட்டுக்காரி சொல்லும் மந்திரம் என்றேன். இப்போது தூறல் விழுந்தாலே, தமிழ் தெரியாத இந்தப் பயல்கள் எல்லோரும் "மெதுவா புடிங்க!" என்று கத்திவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். 'மெதுவா' என்பது உன் பெயர் என்று நினைத்து, "மெதுவா நல்லா இருக்காங்களா?" என்று தன் பாஷையில் தினமும் விசாரிக்கிறான் ஒருவன். நான் திருத்தவில்லை. பெருமையில் கால் தரையில் பாவவில்லை, போ.

நம் வண்டியின் பின் டயர் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது என்றாயே, மழைக்கு முன் மாற்றிவிடு. பிரேக்கையும் பார்க்கச் சொல். இப்போது நீதான் ஓட்டுகிறாய். பின்னால் உட்கார்ந்து சொல்ல நான் இல்லையே.

பார்சல் வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

மெதுவா புடி.