கடல் குகையும் குத்தாத பால் டின்னும்

கட்டச்சி,

உன்னை இப்படிக் கூப்பிட இனி ஆள் இல்லை. உன் பிள்ளைகளுக்கே இந்தப் பெயர் தெரியாது. போன மாதம் உன் காரியத்துக்கு வந்திருந்தேன். படத்தில் மாலையெல்லாம் போட்டு உன்னை உயரமான பொம்பளை மாதிரி நிற்க வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் மருமகள் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

இன்று காலையில் என் கடைசி மகள் வாணி ஒரு பையைக் கொண்டு வந்து கூடத்து ஆணியில் மாட்டினாள். தண்ணீர் புகாத பையாம். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் அவளோடு வேலை செய்யும் பெண்களெல்லாம் சேர்ந்து லங்காவிக்குப் போகிறார்கள். காயாக் என்று ஒரு குறுகலான படகு. அவர்களே துடுப்புப் போட்டுக்கொண்டு கடலோரக் குகைக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வருவார்களாம். அவள் சொல்லச் சொல்ல, பையிலிருந்து வந்த ரப்பர் வாடை என் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. ரப்பர் வாடையும் குகையும் சேர்ந்து வந்தால் எனக்கு உன் முகம்தான் வரும். கையில் இருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நாம் இருந்த இருப்பை வாணியிடம் சொன்னால் கதை என்பாள். எஸ்டேட்டில் நாம் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி. ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது கேட்டில் நிறுத்தி நம்மைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று பயம். விடிகாலையில் தின்றதோடு மரத்துக்கு மரம் ஓடுவோம். நீ உன் வயிற்றைத் தட்டி, "இதுக்குள்ள இருக்கற சோத்த என்ன பண்ணுவாங்களாம்? அதையும் எடுத்துட்டு விடட்டுமே" என்று கேட்டின் எதிரிலேயே சொல்வாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பேன்.

அந்தக் கம்பிக்குள் இருந்துகொண்டுதான் நீ கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். தஞ்சோங் டாவாயிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வரும் மலாய்க்காரப் பெரியவர் சொன்ன கதை அது. ஆற்று வாய்க்கு வெளியே ஒரு சின்னத் தீவு. அதன் முதுகுப் பக்கம் ஒரு குகை. தண்ணீர் இறங்கும் நேரத்தில் மட்டும் வாய் திறக்கும். சம்பான் என்கிற சின்னப் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரைப் பாறையைக் கையால் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். உள்ளே போனால் தண்ணீர் பச்சையாக, விளக்கு வைத்த மாதிரி எரியும். "பெலான் பெலான் போகணும், அவசரப்பட்டா மண்டை உடையும்" என்றார் அவர். நீ மீன் வாங்க வந்ததையே மறந்து நின்றாய்.

அதற்குப் பிறகு உனக்கு வேறு பேச்சே இல்லை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று முடிவு செய்தாய். கணக்கெழுதும் கிராணியிடம் வெளியே போகப் பாஸ் கேட்பது உன் வேலை. என் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருவது என் வேலை. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகை பெஞ்சில் நீ குந்திக்கொண்டு விளக்குமாற்றைத் துடுப்பாக்கிப் போட்ட கூத்தை எப்படி மறப்பேன்?

"அடியே, பின்னால உக்காரு. நீ கனமானவ, படகு நிக்கும்."

"நீதான் முன்னால போறவளா? உனக்குக் கடல் தெரியுமா, பாறை தெரியுமா? சம்பான் ஓரம் உன் கண்ணு மட்டத்துக்கு நிக்கும்."

"அதான்டி நல்லது. குகைக்குள்ள குனியவே வேணாம் எனக்கு!"

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனவர் நின்று பார்த்தார். "மீனுக்குத் தீனி தட்டுப்பாடுன்னு எவன் சொன்னான்? ரெண்டு மூட்டையா போகுதே" என்றார். நீ விளக்குமாற்றை அவர் மேல் எறிந்தாய். கம்பிக்குள் அப்படி வயிறு வலிக்கச் சிரித்த நாள் எனக்கு வேறு இல்லை.

உன் தம்பியைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. கம்யூனிஸ்ட் சண்டை ஆரம்பித்த புதிதில் அவன் எஸ்டேட்டை விட்டுப் போனவன். சிங்கப்பூரில் கப்பல் துறையில் இருக்கிறான் என்று உன் அம்மா சொல்வாள். காட்டில் இருக்கிறான் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள், வழிக்கு ஏதாவது வாங்கலாம் என்று பீடோங் டவுனில் நாம் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் கடைக்குப் போனோம். அரிசிச் சோறு கொண்டுபோக முடியாது; ரொட்டியும் டின் பாலும் போதும் என்றாய். அப்போது எந்த டின்னை விற்றாலும் கடைக்காரர் ஆணியால் குத்திவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். குத்தாத டின்னைக் காட்டுக்குள் எத்தனை நாளும் வைத்துக்கொள்ளலாமே, அதனால். நானா ஆணியை எடுத்தார். நீ அவர் கையைத் தடுத்தாய்.

"நானா, குத்தாம குடுங்க. படகு ஆடினா பாலெல்லாம் சேலையில ஊத்திக்கும்."

"ஏம்மா, ஒரு டின்னு பாலுக்கு என்னைக் கம்பி எண்ண வைக்கலாம்னு பாக்கறியா?"

"ஐயோ, நாங்க கடலுக்குல்ல போறோம். காட்டுக்கா போறோம்?"

கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். நானா டின்னில் இரண்டு ஓட்டை போட்டு உன் முன்னால் தள்ளினார். நாம் எஸ்டேட் கேட்டுக்கு வருவதற்குள் போலீஸ் லாரி அங்கே வந்து நின்றது. டின்னிலிருந்து ஒழுகிய பால் உன் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட விடவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் என்னைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி கேட்டார். எதற்குக் குகை, எதற்குப் படகு, யாருக்குப் பால். சுற்றிப் பார்க்க என்றேன். "தோட்டத்துப் பொம்பளைக்குச் சுத்திப் பாக்க ஆசையா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"மீன்காரர் சொல்லிட்டார். உன் கூட்டாளி அவர்கிட்ட தனியா போய்க் கேட்டிருக்கா. குகையில குடிக்க நல்ல தண்ணி இருக்குமான்னு. ஓர் ஆள் படுக்க நனையாத இடம் இருக்குமான்னு. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது, கட்டச்சி. மீன்காரரிடம் பேசும்போதெல்லாம் நான் உன் பக்கத்தில் நின்றதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனாலும் சொன்னேன்: "தாகத்துக்குக் கேட்டிருப்பா. களைச்சுப்போனா படுக்கக் கேட்டிருப்பா." பால்குடிப் பிள்ளைக்காரி என்று என்னை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். உன்னை விடவில்லை. மீன்காரர் அதற்குப் பிறகு நம் எஸ்டேட் பக்கம் வரவே இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் உன்னைத் தடுப்புக் காவலில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பைப்படியில் என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, "என்னடி, என்னை விட்டுட்டுப் போயிட்டு வந்திட்டியா குகைக்கு?" என்றாய். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். அப்போது கேட்டிருக்கலாம். உன் கண் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. பிறகு உன்னைச் சுங்கை லாலாங்கில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தில் பார்த்தோம், கோயில் திருவிழாவில் பார்த்தோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். நான் கடல் பேச்சை எடுத்தால் நீ வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்துவாய். உன் தம்பி கடைசிவரைக்கும் வரவில்லை. செத்தான் என்றும் சேதி வரவில்லை.

மத்தியானம் வாணி போனில் படகுக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அண்ணே, அங்க குடிக்கத் தண்ணி கிடைக்குமா, நாங்களே தூக்கிட்டு வரணுமா? ஒருத்திக்கு இடுப்பு வலி. கொஞ்ச நேரம் படுக்க காய்ஞ்ச இடம் இருக்குமா லா?"

நான் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமும் என்னைக் குடைந்த கேள்வியை இவள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போகிறாள். அப்படியானால் கடலுக்குப் போகிற யாரும் கேட்பதுதானே அது? ஒரு நிமிஷம் மனசு லேசானது. அடுத்த நிமிஷமே பழைய இடத்துக்குப் போய்விட்டது. யாரும் கேட்பதுதான் என்றால், என்னை விட்டுவிட்டு ஏன் தனியாகப் போய்க் கேட்டாய்?

உன் தம்பிக்காகத்தான் கேட்டாய் என்றால், பால்குடிப் பிள்ளையோடு இருந்தவளை ஒன்றும் சொல்லாமல் அந்தப் படகில் ஏற்றப் பார்த்திருக்கிறாய். அங்கே வைத்துப் பிடிபட்டிருந்தால் என் பிள்ளை யார் கையில் வளர்ந்திருக்கும்? அதை நினைத்தால் உன் மேல் வருகிற கோபம் நீ செத்த பிறகும் அடங்கவில்லை. அவனுக்காக இல்லை என்றால், ஒரு நாள் கடலைப் பார்க்க ஆசைப்பட்டதற்காக நீ அத்தனை நாள் உள்ளே கிடந்தாய். நானோ உன்னைச் சாகிறவரைக்கும் சந்தேகப்பட்டுக்கொண்டு, உன் வெற்றிலையைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் எனக்குத் தூக்கம் வராது.

"நீங்களும் வாங்கம்மா, கரையில உக்காந்து பாருங்க" என்கிறாள் வாணி. நான் போகவில்லை. ஆயாக்கொட்டகை பெஞ்சில் நாம் போட்ட துடுப்பும் சிரிப்பும் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். உன்னை மண்ணில் வைத்த பிறகுதான் இதை வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் சும்மா கடல் பார்க்கத்தானே போவதாக இருந்தோம்?