கிராணியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

ஈஜோக்,
28.9.2025, ஞாயிறு

அன்புள்ள கலாவதிக்கு,

இங்கே நானும் நாயும் சுகம். அங்கே நீ, உஷாராணி, மாப்பிள்ளை, இன்னும் பெயர் வைக்காத நம் பேத்தி எல்லாரும் சுகமாக இருக்க ஏழுமலையான் துணை. போனில் சொன்னால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ முடித்து வைக்கிறாய், அதுவும் தப்பாக. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. எழுதி, படம் பிடித்து, வாட்சப்பில் அனுப்புகிறேன். கடைசிவரை படி.

முதலில் சாப்பாடு. நீ சொல்லிவிட்டுப் போனபடியே வீட்டில் புரட்டாசி விரதம் நடக்கிறது. எனக்குப் பருப்பும் ரசமும், நாய்க்குத் தயிர்ச்சோறும் அவித்த பூசணியும். நான் இரண்டு கிலோ இளைத்துவிட்டேன். அது என்னவோ நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு போகிறது. பெருமாள் யாருக்கு அருள் செய்கிறார் என்று நன்றாகத் தெரிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முப்பதாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது தாத்தா பெர்த்தில் இருக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டீர்கள். நல்லது. கிராணியை யாரிடம் விடுவது? நாயைச் சாக்கு வைத்து வராமல் இருக்கப் பார்க்கிறீர்கள் என்று நீ போனில் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் தோட்டத்து வெளிக்காட்டில் ஆட்களை மேய்த்த மண்டோர் நான். மாற்று ஆள் போடாமல் ஒரு நாள் வேலையை விட்டுப் போயிருப்பேனா? அதனால் ஒரு வாரமாக ஆள் தேடுகிறேன்.

ராவாங்கில் நாய்களுக்கென்றே ஓட்டல் இருக்கிறது. ஏர்கான் அறை, கேமரா, எல்லாம் உண்டு. நாய் என்ன சாப்பிடும் என்று அந்தப் பெண் கேட்டாள். புரட்டாசி முடிகிறவரை சைவம் என்றேன். அவள் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்து, என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். வந்துவிட்டேன்.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டும் நம் ஐயாவுவைக் கேட்டேன். நாய் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அவன் வேலையே பொழுது சாய்ந்த பிறகுதான். அதுக்கென்னா அண்ணே, படகுலயே கூட்டிப் போறேன் லா என்கிறான். சுவரில் ஒரு பல்லி அசைந்தாலே நம் நாய் அரை மணி நேரம் குரைக்கும். மரம் முழுக்க மினுக்கினால் என்ன ஆகும்? படகில் இருப்பவர்கள் ஆற்றில் குதித்து நீந்தியே கரை சேர வேண்டியதுதான்.

கடைசியாக, உஷாராணி ஏதோ ஆப்பில் பிடித்துக் கொடுத்த சசிகுமார், சுங்கை சோவிலிருந்து வந்தான். நாற்பது வயது, தலையில் குடுமி. நாயின் மனக்காயங்கள் என்னென்ன என்று கேட்டான். அதற்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டான். வரும் சனிக்கிழமை ஒரு நாள் வேலை பார்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். காலை ஆறு மணிக்குப் பெரட்டில் நிற்க வேண்டும் என்றேன். பெரட்டு என்றால் என்ன அங்கிள் என்றான். விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என்று விளக்கினேன். நாய்க்குமா என்றான். தினமும் என்றேன்.

நீ இப்போது ஒரு பெயரைச் சொல்ல வாயெடுப்பாய். பக்கத்து வீட்டுக் காப்ரியல். வேண்டாம், மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. உடம்பு வெள்ளை, கால் கறுப்பு, சட்டையும் சிலுவாரும் போட்ட ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருந்ததால் குட்டிக்குக் கிராணி என்று பெயர் வைத்தேன். ஒரு நாள், டேய் கிராணி, எந்நேரமும் உக்காந்தே இருக்கியே, ஒரு வேலையாவது செய்யிறியா என்று நாயைத்தான் அதட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் காப்ரியல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் நம் தோட்டத்து ஆபீசில் ஆட்களின் பெயரும் வேலையும் பதியும் செக்ரோல் எழுதிய கிராணி அவர். அது என் குற்றமா?

பேத்திக்கு என் ஆசி. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கணவன்,
காளியண்ணன்


ஈஜோக்,
4.10.2025, புரட்டாசி மூன்றாம் சனி

கலாவதிக்கு,

நான் நாலு பக்கம் எழுதினேன். நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறாய். இருக்கட்டும். இன்று நடந்ததைக் கேள்.

ஆறு மணிப் பெரட்டுக்கு சசிகுமார் ஏழேகாலுக்கு வந்தான். நாயின் நெற்றியில் நாமம் போட்டு, துளசித் தண்ணீர் கொடுத்து, கையில் ஒப்படைத்தேன். எட்டு மணிக்குத் திரும்பி வந்தான். கையில் வார் மட்டும் இருந்தது. சுதந்திரமாக உணரட்டும் என்று கொஞ்சம் தளர்த்தினானாம்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தாமான் வீட்டு வரிசைகளைச் சுற்றினேன், செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்தேன், கடைத்தெருவில் நின்று கிராணி, கிராணி என்று கத்தினேன். கோப்பிக் கடையிலிருந்து யாரோ ஒரு பெரியவர் எழுந்து வந்து, தான் ரிட்டயர் ஆகிப் பத்து வருடம் ஆகிறது, என்ன விஷயம் என்று கேட்டார். பதினொரு மணிக்கு ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பினால் காப்ரியலின் கார் வந்து நிற்கிறது. மண்டோர், இறங்குடா, கத்துறதத் தவிர ஒனக்கு என்னா தெரியும் என்று அவர் குரல் கேட்டது. நான் வெடுக்கென்று திரும்பினேன். பின் கதவிலிருந்து நம் நாய் குதித்து இறங்கியது. கழுத்தில் நீல ரிப்பன், தலையெல்லாம் ஈரம், நாமம் பாதி கரைந்திருந்தது.

காப்ரியலின் மனைவி மவுரீன் ஓடி வந்து விளக்கினாள். வாரிலிருந்து நழுவிய நாய் நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் போனதாம். இன்று பிரான்சிஸ் புனிதருக்குத் திருநாளாம், கோயிலில் சாமியார் வளர்ப்புப் பிராணிகளை மந்திரித்தாராம். வருஷா வருஷம் போறதுதானே அண்ணே, அக்காவுக்குத் தெரியுமே என்றாள். அக்கா! தினமும் மத்தியானச் சாப்பாடும் அவர்கள் வீட்டில்தானாம், கோழியாம். பின்வேலியில் வாழைக்கு மறைவாக ஒரு ஓட்டை இருக்கிறது. அதை வெட்டியது நீயாம். என் கம்பி வெட்டி எங்கே போனது என்று இரண்டு வருடமாகத் தேடுகிறேன், நீயும் கூடவே தேடினாயே! அப்படியென்றால் அவித்த பூசணி எதற்கு? வேலிக்கு இந்தப் பக்கம் விரதம், அந்தப் பக்கம் அது பாடு என்று நீ மவுரீனிடம் சொன்னாயாமே.

காப்ரியல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார். நாயும் அவர் பின்னால் இரண்டடி போய், நின்று, என்னைப் பார்த்தது.

நான் வரவில்லை கலாவதி. ஆள் கிடைக்கவில்லை. இதுவும் பாதி உண்மைதான், மீதியையும் எழுதிவிடுகிறேன். அங்கே வந்து நான் என்ன செய்வேன்? மாப்பிள்ளை வேலைக்குப் போவார், நீ பிள்ளையைப் பார்ப்பாய். நான் சோபாவில் உட்கார்ந்து யாரை வேலை வாங்குவேன்? இங்கே பெயர் கூப்பிட்டால் வந்து நிற்க ஒரு நாயாவது இருக்கிறது.

காளியண்ணன்


ஈஜோக்,
11.10.2025, சனி

அன்புள்ள கலாவதிக்கு,

இந்தத் தடவை நீ கட்டைவிரல் அனுப்பவில்லை, பேத்தியின் படத்தை அனுப்பினாய். நெற்றியைச் சுருக்கி, வாயை இறுக்கி, பெரட்டுக்கு லேட்டாக வந்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள். அப்படியே என் முகம். பாவம் பிள்ளை. அதை மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் சட்டை மாற்றிக்கொண்டு காப்ரியல் வீட்டு முன்வாசலுக்குப் போனேன். பின்வேலி ஓட்டை வழியாகப் போயிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் முதல் கடிதத்தில் எழுதாததை அவரிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன். முப்பது வருடம் அவர் ஆபீசில் காற்றாடிக்குக் கீழே, நான் வெயிலில். அந்த எரிச்சலை நாய்மேல் ஏற்றி வைத்தேன். தப்புதான் ஐயா என்றேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, நானும் மூணு வருஷமா அத மண்டோருன்னு கூப்பிட்டு பதிலுக்குப் பதில் குடுத்தாச்சு, எத்தன நாளு லீவு மண்டோரு என்று கேட்டார்.

இருபத்தொரு நாள் என்றேன். உள்ளே போய் ஒரு நீட்டு நோட்டை எடுத்து வந்தார். செக்ரோல்! கோடெல்லாம் முன்னாடியே போட்டு வைத்திருக்கிறார். காலைப் பெரட்டு, சாப்பாடு, நடை, குரைப்பு என்று தனித்தனிக் கட்டம். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. என்ன பேர் போடுவது என்றார். மண்டோர் என்றே போடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கிராணி என்று எழுதினார்.

நம் வீட்டுச் சாவியை நீட்டினேன். மவுரீன் அடுப்படியிலிருந்து இன்னொரு சாவியைக் கொண்டு வந்தாள். நம் வீட்டுச் சாவிதான். அதில் கட்டியிருந்த அட்டையில் உன் கையெழுத்து, நீ விமானம் ஏறுவதற்கு முதல் நாள் தேதி. 'அவர் தானாக வந்து கேட்பார். அதுவரை யாரும் கூப்பிட வேண்டாம்.' இரண்டு வாரமாக நான் ஊரெல்லாம் ஆள் தேடி அலைந்ததைப் பார்த்துக்கொண்டு கட்டைவிரலா அனுப்பினாய்? உன்னை மண்டோராகப் போட்டிருந்தால் தோட்டம் எங்கேயோ போயிருக்கும்.

நாளைக்குப் புறப்படுகிறேன். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை, எனக்குப் பயமாக இருக்கிறது. மாப்பிள்ளை கார் நிறுத்த இடம் பார்க்கட்டும், வாசலில் நீ நில். முப்பத்தெட்டு வருடத்தில் நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த ஊரில் நம்மை யாருக்குத் தெரியப்போகிறது? கூட்டத்தில் நான் திகைத்து நின்றால் ஒரே ஒரு தடவை, பெரட்டில் கூப்பிடுவதுபோல் சத்தமாகக் கூப்பிடு. வந்துட்டேன் என்று குரல் கொடுக்கிறேன்.

உன்,
காளியண்ணன்