பம்பரில் இரண்டு தட்டு

ஜூன் 9, திங்கள்
காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடல்காற்று மத்தியானம் வரை எட்டிப் பார்க்கவில்லை. மூக்கைச் சிந்தினால் கரி.

இது பழைய டிரிப் டைரி. டிரெய்லர் ஓட்டிய காலத்தில் கன்டெய்னர் நம்பர், கேட் நேரம், டீசல் மட்டும் எழுதியது. அதற்கப்புறம் பாதிக்கு மேல் வெற்றுத் தாள். கிடக்கட்டும், எழுதுவோம். வீட்டுக்காரி ஸ்டெல்லா இதைத் திறக்க மாட்டாள், கிரீஸ் நாற்றம்.

இன்று ஏழு பஞ்சர். ஒன்று வால்வு போனது, அதற்கு ஒரு மணி நேரம் தகராறு. பஞ்சர் கடை முதலாளி பாய் ஒரு டிரைவரிடம் என்னைக் காட்டிப் பெருமை பேசினார்: "நம்ம ஜோசப்பு கம்பியால டயர ஒரு தட்டு தட்டினா போதும், எவ்ளோ காத்து கீதுன்னு சொல்லிடுவான். அப்பேர்ப்பட்ட காது."

ஆமாம். காதில் ஒரு குறையும் இல்லை. சனியன் பிடித்த காது.

16-ந்தேதி கோர்ட். சாட்சிகள் முடிந்துவிட்டன. இனி என் முறையாம்.

ஜூன் 11, புதன்
வக்கீலைப் (இனி வ.) பார்க்கப் போனேன். மின்விசிறி சுற்றுகிறது, காற்று அவருக்கு மட்டும்.

வ. சொன்னது: "ஒவ்வொரு சாட்சி சொன்னதையும் படிச்சிட்டு நீ என்ன சொல்றன்னு கேப்பாங்க. எல்லாத்துக்கும் ஒரே பதில். பொய். அவ்வளவுதான். கதை சொல்ல ஆரம்பிச்சே, நான் ஃபைலை மூடிட்டுப் போயிடுவேன்."

தண்டனை என்ன என்று கேட்டேன். கவனக்குறைவால் மரணம், பழைய சட்டத்தில் இரண்டு வருடம் வரை. "புதுச் சட்டத்துல அஞ்சு. உன்னுது முன்னாடியே நடந்துச்சு. அதிர்ஷ்டக்காரன்யா நீ."

செத்தவர் பெயர் ஏழுமலை. எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுக க்யூவில் நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே கேனில் டீ விற்றவர். அந்த அதிர்ஷ்டம் அவருக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்.

டிரெய்லர் கேபின் உயரம். பம்பருக்குக் கீழே நிற்கிற ஆள் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த ரோட்டில் ஒரு வழக்கம். க்யூ வண்டிக்குக் குறுக்கே போகிறவர்கள் பம்பரில் கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் போவார்கள். நில், நான் போகிறேன் என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் கேஸ் முழுக்க அந்த இரண்டு தட்டில்தான் தொங்குகிறது. அவர் தட்டவில்லை, திடீரென்று குறுக்கே வந்தார், டிரைவர் என்ன செய்வான் என்பது எங்கள் கட்சி.

பின்னால் நின்ற வண்டிக்காரன் கூண்டேறி, ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றுவிட்டான். வேறு யாரும் வரவில்லை. ஏழுமலை சம்சாரம் மட்டும் சொன்னது: "தட்டாம ஒரு வண்டியக்கூட அவரு தாண்ட மாட்டாரு." அந்தம்மா அன்று வீட்டில் இருந்தது, அதனால் அது சாட்சியமே இல்லை என்று வ. சிரிக்கிறார்.

கிளம்பும்போது கேட்டார்: "தட்டலதானே?"

"தட்டல சார்."

போலீசிடம், ஓனரிடம், ஸ்டெல்லாவிடம், சர்ச் சாமியாரிடம், எல்லோரிடமும் சொன்னது இதுதான். நாக்குக்குப் பழகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்
இங்கே மட்டும் எழுதுகிறேன். தட்டினார்.

பதினோரு மணி நேரம் க்யூ அன்று. அரை மணி முன்புதான் அவரிடம் டீ வாங்கிக் குடித்தேன், சர்க்கரை தூக்கல். முன்வண்டி நகர்ந்தது. முன்னால் இடம் விட்டால் பக்கத்து வரிசைக்காரன் மூக்கை நுழைப்பான், அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம். க்ளட்சில் கால். அப்போது தட்டு. ஒன்று, இரண்டு. தெளிவாகக் கேட்டது. இந்நேரம் போயிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன்கூட இல்லை, பொறுமை இல்லை. நகர்த்தினேன்.

இரண்டு நொடி நின்றிருந்தால் போதும். பதினோரு மணி நேரம் நின்றவன் இரண்டு நொடி நிற்கவில்லை. தூ.

சொன்னால் என்ன ஆகும்:
ஜெயில்.
மகள் ஜெனிஃபர் ப்ளஸ் டூ.
ஸ்டெல்லா இறால் கம்பெனி வேலையோடு தனியாக.
மூன்று வருடமாகச் சொன்னது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சொல்லாவிட்டால்: ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் கடைக்கு எதிரே க்யூ. அந்தம்மா அதே கேனோடு வந்தது. அவர் போன மூன்றாம் மாதத்திலிருந்து இந்த வியாபாரம். ஒவ்வொரு வண்டிக்கும் பம்பரில் ஓங்கித் தட்டும். கடைக்குள் குனிந்து டியூப் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கேட்கும். என்னைத் தெரியும். என் பக்கம் திரும்பாது.

ஜூன் 16, திங்கள்
கோர்ட். ஒரு மணி வரை கூப்பிடவில்லை. வராந்தாவில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது, ஸ்டெல்லா ஊக்கு குத்திவிட்டாள்.

மாஜிஸ்திரேட் அம்மா படித்துக்கொண்டே போனார். முதல் சாட்சி இப்படிச் சொல்கிறார், என்ன சொல்கிறீர்கள்? பொய். இரண்டாம் சாட்சி? பொய். டாக்டர் சொன்னதற்கும் பொய் என்றேன். செத்தது தலையில் அடிபட்டு என்பது எப்படிப் பொய் ஆகும்? யாரும் கேட்கவில்லை. டைப் அடிக்கிறவர் நான் வாய் திறக்கும் முன்பே அடித்துவிடுகிறார்.

நான்காம் சாட்சி. "என் கணவர் பம்பரில் தட்டாமல் எந்த வண்டிக்கும் குறுக்கே போகமாட்டார் என்று சொல்லியிருக்கிறார். என்ன சொல்கிறீர்கள்?"

வாசல் பக்கம் அந்தம்மா நின்றிருந்தது. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

வ. திரும்பிப் பார்த்தார்.

"பொய்."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அடுத்த கேள்வி.

ஜூன் 17, செவ்வாய்
நெத்திலிக் குழம்பு. இறங்கவில்லை. வேலைக்கும் போகவில்லை.

ஸ்டெல்லா: "இன்னா ஆச்சு உனுக்கு? அந்தாளே வந்து உயுந்தாரு. உன் மேல இன்னா தப்பு கீது? மாதா பாத்துப்பா."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி
விடுதலை.

இதைப் பெரிதாக எழுதலாமா என்று பார்த்தேன். கை வரவில்லை.

சந்தேகத்தின் பலனை எனக்கு அளிக்கிறார்களாம். இறந்தவர் எச்சரிக்கை செய்யாமல் வண்டியைக் கடந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க அரசுத் தரப்பில் சாட்சியம் இல்லையாம். வ. என் தோளில் அடித்தார். ஸ்டெல்லா அங்கேயே அழுதாள். ஜெனிஃபருக்கு போன் போட்டாள், "அப்பா வந்துட்டாருடி" என்று, நான் எங்கோ போயிருந்த மாதிரி.

கேட்டுக்கு வெளியே அந்தம்மா ஒரு குமாஸ்தாவை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது. "இன்னான்னு எய்திக்கிறாங்க, படிச்சு சொல்லு சார்." அவர் சொன்னார். நஷ்டஈடு கேட்டுப் போட்ட இன்சூரன்ஸ் கேசிலும் இதைத்தான் பிடிப்பார்கள் என்றும் சொன்னார். அந்தம்மா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"தட்டலன்னா எய்திக்கிறாங்க?"

"ஆமாம்மா, கிட்டத்தட்ட."

"தட்டலன்னா?"

பஸ் வந்தது. ஏறினோம்.

வரும் வழியில் ஸ்டெல்லா லட்டு வாங்கினாள். ராயபுரம் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கை குலுக்கினார்.

ஜூன் 30, திங்கள்
மேகமூட்டம், நாலு தூறல், புழுக்கம் அதிகமானதுதான் மிச்சம். பெரிய க்யூ, கண்ணுக்கெட்டிய வரை டிரெய்லர். ஒரு டியூப் மூன்று தடவை ஒட்டியும் நிற்கவில்லை. வாடிக்கைக்காரனிடம் திட்டு.

மத்தியானம் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று புரிய நேரமாயிற்று. தட்டுச் சத்தம் இல்லை. அந்தம்மா வரவில்லை போல என்று நினைத்தேன். எழுந்து பார்த்தால் வந்திருக்கிறது. கேனைத் தூக்கிக்கொண்டு வண்டி வண்டியாகக் குறுக்கே போகிறது, சும்மா.

ஒரு டிரைவர் கேபினிலிருந்து கத்தினான்: "யம்மோவ், தட்டிகினு போயேன்! சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"தட்டி இன்னா ஆவப்போவுது? தட்டுனாலும் தட்டலன்னுதான எய்துறாங்க."

பாய் என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார்.

ஜூலை 1, செவ்வாய்
இன்றும் தட்டவில்லை. எண்ணினேன். பதினான்கு வண்டி. ஒவ்வொரு முறையும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தேன். பாய், "ஒக்காருடா" என்றார்.

தூக்கமில்லை. அந்தம்மாவுக்கு ஒன்று ஆனால் அதுவும் என் கணக்கு.

ஜூலை 2, புதன்
பத்து மணிக்கே க்யூ. கம்பியைக் கையில் பிடித்தபடியே அந்தம்மாவிடம் போனேன், கீழே வைக்கத் தோன்றவில்லை. இரண்டு டிரெய்லருக்கு நடுவில் நின்று கேன் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா. அவரு தட்டுனாரு. ரெண்டு தட்டு. எனுக்குக் கேட்டுச்சு."

மூன்று வருடம். சொல்லி முடிக்க நாலைந்து நொடிகூட ஆகவில்லை.

அழும், அடிக்கும், மண்ணை வாரித் தூற்றும் என்று நினைத்திருந்தேன். அடித்தால் தேவலை. துணியை உதறி இடுப்பில் செருகியது.

"எங்கையில எதுக்கு சொல்ற? எனுக்குத் தெரியாததா? தெரியாதவங்க கையில போயி சொல்லு."

"கேஸ் முடிஞ்சிடுச்சுக்கா."

"உனுக்கு முடிஞ்சிடுச்சு."

மேலேயிருந்து யாரோ டீ கேட்டார்கள். ஊற்றிக் கொடுத்தது. முன்வண்டி நகர்ந்தது. இந்த வண்டி உறுமியது. அந்தம்மா கேனைத் தூக்கிக்கொண்டு பம்பருக்கு முன்னால் இறங்கியது. தட்டவில்லை.

நான் தட்டினேன். கம்பியால், இரண்டு. பம்பர் நசுங்கியிருக்கும். டிரைவர் பிரேக்கை அழுத்திவிட்டு எட்டிப் பார்த்து அசிங்கமாகத் திட்டினான். கேட்டிருக்கிறது அவனுக்கு. நின்றுவிட்டான்.

அந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வண்டிக்கும் தட்டவில்லை.