ஒத்திக்குப் போன உன் வீடு

"உன் வூடு உனக்கு இன்னாய்யா சம்பாதிச்சுக் குடுக்குது?" என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை என்னைக் கேட்டாய். குடியிருக்கும் வீடு எதற்குச் சம்பாதிக்க வேண்டும் என்று விளங்காமல் விழித்தேன். இன்று கச்சிராயபாளையம் சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பச்சை மரவாசனையில் உன் கேள்வி திரும்பி வந்தது.

நிலம் வாங்கி மனைகளாகப் பிரித்து விற்க உனக்கு வங்கியில் கடன் கிடைக்கவில்லை. நீ சளைக்கவில்லை. உன் வீட்டை ஒத்திக்கு விட்டாய். வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னால், என் சைக்கிளை நீ ஓட்டலாம், வாடகை இல்லை; நீ தந்த தொகை என்னிடம் இருக்கும், வட்டி இல்லை; தொகையைத் திருப்பினால் சைக்கிள் திரும்பும். அப்படி வந்த பணத்தை நிலக்காரருக்கு முன்பணமாகக் கொடுத்தாய். மனை கேட்ட ஆசிரியர்களிடம் சேர்த்த பணத்தில் மீதியைக் குறித்த கெடுவுக்குள் கட்டிக் கிரயம் செய்வது உன் திட்டம். கெடு தவறினால் முன்பணம் போய்விடும். வீட்டை மீட்க வழியிருக்காது.

"நம்ம பணம் கம்மி, நிலம் ஜாஸ்தி. இதுதான்யா கணக்கு" என்றாய். நானும் உன்னைப்போலக் கணக்கு வாத்தியார்தான், எனக்குத்தான் புரியவில்லை.

கெடு நாளன்று இடஒதுக்கீட்டுப் போராட்டம். பேருந்து இல்லாமல், பணத்தோடு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனோம். வழியெங்கும் போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. அவற்றில் ஒன்றின் மேல், போராட்டக்காரர்களோடு, நம் நிலக்காரரே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வாத்தியாரே, பையும் கையுமா?"

"கிரயத்துக்குத்தாங்க. இன்னிக்குத்தான் கெடு. நீங்க இங்க குந்திக்கினு கீறீங்க" என்றாய்.

"ரோடே வுழுந்து கெடக்குது, கெடு மட்டும் நிக்குமா? ஆபீசு தொறக்கட்டும், வந்து கையெழுத்து போடறேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதை எழுதி வாங்கிக்கொள் என்று உன் காதில் சொன்னேன். "நாலு பேரு எதிர்ல அவர நம்பலன்னு காட்டச் சொல்றியா?" என்று முறைத்தாய்.

சாலை திறந்தது, அலுவலகமும் திறந்தது. புரட்டாசி போகட்டும், ஐப்பசியில் நல்ல நாள் பார்க்கலாம் என்று நீங்கள் இருவருமே தள்ளிப்போட்டீர்கள். அதற்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மகன்கள் நம்மிடம் படித்தவர்கள்தான். "அப்பா சொன்னார்னா, எழுத்துல காட்டுங்க சார்" என்றார்கள் மரியாதையாக. மனக்கணக்கை நம்பாதே, எழுதிப் பார் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான்.

மற்றவர்கள் பணத்தை ஒன்று குறையாமல் திருப்பிக் கொடுத்தாய். உன் முன்பணம் போனது. உன் வீட்டுக்கு எதிரிலேயே வாடகைக்குக் குடியிருந்தாய். ஒருநாள் அங்கே சாப்பிட வந்த எனக்கு உன் மனைவி முருங்கைக்காய்க் குழம்பு ஊற்றினார். "எங்க மரத்துக் காய்தாண்ணா. ஒத்திக்காரரு குடுத்தனுப்பினாரு" என்றார். நீ தலை நிமிராமல் சாப்பிட்டாய். நீ கண்மூடும்வரை அந்த வீட்டை மீட்க முடியவில்லை.

அந்த நிலத்தில் இப்போது வரிசையாக மாடிவீடுகள். அப்படியானால் உன் கணக்கு சரிதானே? சரியான கணக்கு எப்படி வீட்டைக் கொண்டுபோகும்? என் வீடு என்னிடம் இருக்கிறதே, அது என் புத்தியா, பயமா? நேற்று என் மகள், "நம்ம வூட்ட ஒத்திக்கு வுட்டு மனை வாங்கலாமாப்பா?" என்றாள். வாங்கு என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அதை அவளுக்குச் சொன்னேன், இதைப் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: வாய்ப்பேச்சில் கெடுவை மாற்றினால், எத்தனை பேர் சிரித்தாலும், நின்ற இடத்திலேயே அதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.