கன்றின் பக்கமிருந்து பார்த்தால்

புக்கிட் ரோத்தான்,
நவம்பர் 23

அன்பு மகள் விஷாலினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேலை பார்க்கிற கப்பிட்டில் மழை எப்படி இருக்கிறது, ஆற்றில் படகு ஓடுகிறதா, ஆசிரியர் விடுதியில் வேளைக்குச் சோறு கிடைக்கிறதா, ஒன்றும் தெரியாது. நீ போனை எடுப்பதில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. எடுத்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தபாலில் போட்டுவிட்டால் திரும்ப வாங்க முடியாதல்லவா, அதனால்தான்.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். பக்கத்து வீட்டு வேலம்மா அத்தைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அப்படியும் தினமும் இரண்டு தரம் வந்து நான் சாப்பிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறாள். எஸ்டேட்டில் பாதிச் செம்பனை மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இப்போது வெட்டவெளி. உன் அறையில் மழை ஒழுகிய இடத்தைச் சரிசெய்துவிட்டேன்.

மாடுகளை நேற்று வரை நான் விற்கவில்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "அவருக்கு மாடுதான்மா பெருசு, நான் இல்ல. ஒரு வாரத்துல எனக்குக் கான்வொகேஷன் இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு கன்னுக்குட்டிக்காகப் போய்ச் செத்தாரு. எல்லாத்தையும் வித்துருங்க. நான் திரும்பி வரும்போது ஒண்ணுகூட இங்க நிக்கக் கூடாது" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அப்போதே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

விற்க முயற்சி செய்யாமல் இல்லை. உலு யாமில் செல்வா என்று ஒரு மாட்டு வியாபாரி. போன ஜனவரியில் அவருக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு மாட்டுக்கும் பக்கவாட்டில் ஒரு படம், நேர்முகமாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார். நீ காலேஜில் வாங்கிய கேமரா அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் நின்று ஏழு மாடுகளையும் எடுத்து அனுப்பினேன். அவர் சிரித்துவிட்டார். "என்னக்கா, மாடு எறும்பு மாதிரி இருக்கு. கிட்ட போயி, குனிஞ்சு எடுங்கலா" என்றார்.

கிட்டப் போக எனக்குக் கால் வரவில்லை. துணி காயப்போடும் கம்பிக்கு அப்பால் நான் போவதே இல்லை. தண்ணீர் காட்டுவதும் கட்டுவதும் வேலம்மா அத்தையின் மகன் தேவன்தான். அதனால் மார்ச் மாதம் வரை இழுத்தேன். அதற்குள் வெயில் ஏறி, புல் கருகி, மாடுகளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. இப்போது விற்றால் ஏமாந்து போவீர்கள், மழை விழுந்து உடம்பு தேறட்டும், மாசத்துக்கு ஒரு படம் மட்டும் அனுப்புங்கள் என்றார் செல்வா. அப்படித்தான் இது பழக்கமாகிப் போனது.

ரவாங் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் பூதக்கண்ணாடி வைத்துச் சின்னச் சின்ன மின் பாகங்களில் பிசகு தேடியவள் நான். பார்த்த கண் சும்மா இருக்குமா? படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஏப்ரலில்தான் அது தட்டுப்பட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்த எல்லாப் படத்திலும் மாடுகள் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தன. ஆற்றங்கரை இருக்கிற பக்கம். நாலு மணிக்குத்தான் உன் அப்பா அந்தக் கரைமேல் நடந்து வந்து அவற்றைக் கூப்பிடுவார், நினைவிருக்கிறதா?

அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் புகைமூட்டம் வந்து மாடுகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாளில் ஒரு படம் எடுத்தேன். கரையே தெரியவில்லை. ஆனாலும் மாடுகள் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு மாடுகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் புகை கொஞ்சம் கெட்டியாக இருந்தது. இதை வேலம்மா அத்தையிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "உனக்குத் தூக்கம் பத்தல திலகம், கோயிலுக்குப் போய்ட்டு வா" என்றாள். போனேன். விபூதி வாங்கிவந்து கேமராவுக்கும் பூசினேன். நீ சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன், விஷா. நின்று என்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. புல் எழுந்தது, மாடுகள் பளபளவென்று ஆகிவிட்டன. போன வெள்ளிக்கிழமை செல்வா போன் போட்டார். ஆறு மாட்டுக்கும் ஆள் வந்துவிட்டது, அந்தச் செவலைக் கன்றின் முகம் மட்டும் எந்தப் படத்திலும் சரியாக இல்லை, ஒரே ஒரு படம் எடுத்து அனுப்பினால் லோரியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்றார். தேவன் வேலைக்குப் போயிருந்தான். செவலை எங்கே நிற்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கரைக்குக் கீழே, வெள்ளத்தன்று அதைக் கட்டியிருந்த அந்தப் பழைய முளைக்குச்சியின் பக்கத்தில்தான் நிற்கும். வேறெங்கும் மேயாது.

நான் போனேன். பதினோரு மாதத்துக்குப் பிறகு கம்பியைத் தாண்டினேன். கன்று ஓடவில்லை. அதன் முகம் வேண்டுமென்றால் நான் கரைப் பக்கம் போய், வீட்டைப் பார்த்தபடி உட்கார வேண்டும். ஈரப் புல்லில் முழங்கால் போட்டு, அதன் கண் மட்டத்துக்குக் கேமராவை வைத்துப் பார்த்தேன். கன்றின் காதுக்குப் பின்னால் நம் வீட்டுப் பின்வாசல் படி தெரிந்தது.

அந்தப் படியை அந்தப் பக்கமிருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது வேலம்மா அத்தை பின்வாசலுக்கு வந்தாள். நான் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டு, கத்தக்கூட இல்லை, பக்கத்தில் இருக்கிறவளிடம் பேசுகிற மாதிரி, "திலகம், அடுப்புல என்ன வெச்ச, கருகுது" என்றாள். ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது.

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பாம்பு கடித்துவிட்டது என்று பயந்து, வீங்கிய காலோடு ஓடிவந்தாள் பாவம்.

இப்போது சொல்லிவிடுகிறேன். இதுவரை போலீசிடமும், சொந்தக்காரர்களிடமும், உன்னிடமும் நான் சொன்னது என்ன? "போகாதீங்க போகாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்காம போயிட்டாரு" என்று சொன்னேன். அது பொய்.

அன்று மழை விட்டிருந்தது. கரை உடைந்து தண்ணீர் சத்தமில்லாமல்தான் ஏறியது. உன் அப்பா ஆறு மாட்டையும் மேட்டுக்கு ஓட்டிவிட்டுக் கன்றிடம் போனார். முடிச்சு தண்ணீருக்குள் போய்விட்டது. குனிந்து தடவிப் பார்த்தார், அவிழவில்லை. விட்டுவிட்டார். கன்றை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். கன்று கத்தியது. "கத்துது பாருங்க, உசிரு இல்லையா அது, கத்தியால கயித்த அறுத்து விட்டுட்டு வாங்க" என்று நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நின்றார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போனார். கயிறு அறுந்து கன்று நீந்தி மேட்டுக்கு வந்தது. அவரை இரண்டு நாள் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள்.

இந்தப் பதினோரு மாதமும் எனக்கு நானே ஒன்று சொல்லி வந்தேன். அவ்வளவு தூரத்துக்குக் குரல் கேட்டிருக்காது, அவராகத்தான் மனசு கேட்காமல் திரும்பினார் என்று. படியிலிருந்து பார்த்தால் அந்த முளைக்குச்சி எங்கோ தொலைவில் இருப்பதுபோலத்தான் இருக்கும். அதை நம்பித்தான் சாப்பிட்டேன், படுத்தேன். அந்தப் பக்கமிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வீடு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று. அவர் நின்ற இடத்திலிருந்து நான் எவ்வளவு உயரத்தில், கால் நனையாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்றும் தெரிந்தது. அவருக்குக் கேட்டிருக்கிறது, விஷா. கேட்டதால்தான் போனார்.

மாடுகள் எதைப் பார்க்கின்றன என்று இனி நான் தேடப் போவதில்லை. அது அவற்றின் பழக்கமாக இருக்கலாம், அவராகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நான் பயந்தது அதற்கில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலையில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. வெந்நீர் வைக்கச் சொல்லிக் குடித்தார். பட்டமளிப்பு விழாவில் உன் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் இருமல் வந்துவிட்டால் மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விடும் என்றார். அப்படிப்பட்டவர் மாட்டுக்காக உன்னை விட்டுப் போகவில்லை. கன்றை விட்டுவிட்டு உன் விழாவுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். திருப்பி அனுப்பியவள் நான். உன் கோபம் இத்தனை நாளும் தப்பான இடத்தில் இருக்கிறது. அதை அவரிடமிருந்து எடுத்துவிடு. எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

ஆறு மாடுகளை நேற்று செல்வா ஏற்றிக்கொண்டு போய்விட்டார். செவலையை நான் கொடுக்கவில்லை. அதை என்ன செய்வது என்று நீ வந்து சொல். உன் கண்ணில் படக்கூடாது என்றால் தேவன் வேறெங்காவது கொண்டுபோய்க் கட்டுவான். அன்றைக்கு எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கன்றைப் பார்க்காதே, பின்னால் தெரிகிற படியைப் பார்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. பள்ளிக்கூடமும் அதற்குள் மூடிவிடும். நீ வந்து உன் கையால் அவருக்கு இலை போட வேண்டும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடு, நீ இருக்கிற வரையில் வேலம்மா அத்தை வீட்டில் போய் இருந்துகொள்கிறேன். சமையலைச் செய்து வைத்துவிட்டுப் போவேன். பேச வேண்டாம். அப்பாவிடம் மட்டும் பேசு. வருஷம் பூராவும் மகள் குரல் கேட்காமல் இருக்கிறார்.

நடக்கிற வழியெல்லாம் உனக்கு நல்லதாகவே இருக்கட்டும், கண்ணு. திட்டிக்கொண்டே வந்தாலும் வந்து சேர்.

உன் அம்மா என்று எழுத நீ இன்னும் இடம் கொடுத்தால்,
அம்மா
திலகம் முருகையா