சந்தனம் பூசிய குழல்

விஜயதசமி, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் தூக்கம் வருமோ என்னவோ.

முக்கூடல் அண்ணாச்சியின் ரைபிளுக்குப் புதுக் குழல். பூஜைக்கு முன்னால் மாட்டிப் பார்த்தபோது கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறியது; கழற்றிப் பூஜையில் வைத்தோம். இன்று நல்ல நாளென்று அவரையும் வரச் சொல்லி எங்கள் துப்பாக்கிப் பட்டறையைத் திறந்தால், இரண்டு சுற்றிலேயே இறுகி நின்றுவிட்டது.

அண்ணன் இரும்புக் குழாயோடு வந்தான். "ஏட்டி, ஸ்பேனர்ல இதச் சொருவி ஒரு அமுக்கு அமுக்கு. முடியலன்னா தள்ளு, நான் பாக்கேன்."

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குவே இந்த வேல?" என்று அவனைப் பார்த்துச் சிரித்தார் அண்ணாச்சி.

நான் நகரவில்லை. முரட்டுத்தனமாகத் திருகினால் குழலின் திருகு மரை அழிந்துவிடும். ரைபிளே வீண். "அன்னைக்கு ஏறினது இன்னைக்கு ஏன் ஏறலன்னு தெரியாம யாரையும் தொட விட மாட்டேன்" என்றேன்.

பையப் பையக் கழற்றி, ஊசியால் மரையைக் கீறினேன். மஞ்சள் பொருக்கு உதிர்ந்தது. முகர்ந்தேன். சந்தனம்! நேற்று ஆயுத பூஜையில் ஒரு சாமான் விடாமல் பூசியவன் அண்ணன்தான். அவன் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தொட்டுத் திருகினேன். கடைசி வரை கையாலேயே ஏறியது. அண்ணாச்சி காசை எண்ணி என்னிடமே கொடுத்தார்.

இரும்புக் குழாயை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

"அடுத்த வருசம் இதுக்கு மட்டும் பூசுண்ணே. இதுக்குத்தான் இங்கன வேலையே கிடையாது."

சாப்பிடும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான். அங்கேயே இருக்கட்டும்.